நூறுக்குக் கீழே கொதிக்காது

தையல்காரியின் வீட்டுக்கும் தொலைநிலைக் கல்வி நிறுவனத்துக்கும் நடுவே இரண்டு தெருக்களும் ஒரு சாக்கடையும்தான் இருந்தன. அந்த நிறுவனத்தில் சேர அவளுக்கு இருந்த முதல் தகுதிக் குறைவு அதுதான்.

சேர்க்கைப் பிரிவு எழுத்தர் அவளுடைய விண்ணப்பத்தில் முகவரியைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தார். அவள் வீட்டு மொட்டை மாடியில் காய்ந்த துணிகள் அங்கிருந்தே தெரிந்தன.

"அந்தப் பச்சைப் போர்வை உங்களுதாம்மா?"

"ஆமாங்க."

"அப்ப சேர முடியாது. இது தொலைநிலைக் கல்வி. உங்களுக்குத் தொலைவு போதல."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். எழுத்தர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு அங்கே தனிப் பிரிவு இருந்திருக்கலாம், அவர் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் இல்லை.

"பக்கத்துல இருக்கறவங்க படிக்கணும்னா பக்கத்துல இருக்கற காலேஜுக்குத்தானே போகணும்?"

"பக்கத்துல இருக்கற காலேஜே இதுதானேங்க."

"இது காலேஜ் இல்லம்மா," என்றார் எழுத்தர், குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாக. "இது தூரம்."

பொழுது போகாமல் வெப்ப இயக்கவியல் படிக்க வந்தவள் இல்லை அவள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பிரிவு எடுத்துப் படித்ததோடு சரி. அதற்கப்புறம் வாழ்க்கை முழுக்க ஊசியும் நூலும்தான். சட்டைக்குக் கை வைப்பாள், பள்ளிச் சீருடைக்கு மடிப்பு வைப்பாள். அவளை அந்த எழுத்தரின் மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது கணவனின் இரண்டு கைகள்.

அவர் ஒரு பெயிண்ட் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பெரிய இரும்புத் தொட்டி ஒன்றைச் சூடேற்றுவது அவர் வேலை. தொட்டியின் அடியில் தண்ணீர் நிற்கும், அதன்மேல் டொலுயீன் என்ற கரைப்பான் நிற்கும். எண்ணெயும் தண்ணீரும்போல இரண்டும் ஒட்டாது. தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கும், டொலுயீன் நூற்றுப்பத்தில். ஆகவே தொண்ணூறு வரைக்கும் கவலையில்லாமல் சூடேற்றலாம் என்று சுவரில் ஒரு பலகை தொங்கியது. போன வருடம் ஒரு நாள் வெப்பமானி எண்பத்தைந்தைத் தொட்டதும் தொட்டி அப்படியே பொங்கி எழுந்தது. அவருடைய கைகள் முழங்கை வரை வெந்துபோயின. பக்கத்தில் நின்ற கூட்டாளிக்கு ஒரு கண் போயிற்று.

விசாரணைக் குழு கூடியது. வெப்பமானி எண்பத்தைந்துதான் காட்டியது என்று எல்லோரும் சாட்சி சொன்னார்கள். குழு வரவழைத்த நிபுணர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "நூறுக்குக் கீழே கொதிக்காது; கொதித்திருப்பின் அது ஊழியரின் கவனக்குறைவே." அதாவது அவர் நீராவி வால்வைக் கண்டபடி திருகித் திறந்துவிட்டு, மற்றவர்கள் வெப்பமானியைப் பார்ப்பதற்குள் மறுபடி மூடியிருக்க வேண்டும். தோல் உரிந்த கையால் எப்படி மூடினார் என்று குழுவில் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அறிக்கையில் முத்திரை குத்தி அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். அதற்கப்புறம் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. தொடக்கத்தில், "நான் வால்வைத் தொடவே இல்ல," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர், சில மாதங்கள் போனதும், "தொட்டிருப்பேனோ?" என்றார். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "திருகியிருப்பேன். இல்லாட்டி எப்படிக் கொதிக்கும்? முத்திரை போட்டுல்ல எழுதியிருக்காங்க," என்றார். கூட்டாளியின் வீடு இருக்கும் தெருவழியாகப் போவதையே நிறுத்திவிட்டார். உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது கை காற்றில் எதையோ திருகிக்கொண்டே இருக்கும். 

மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். ஆனால் மேல்முறையீட்டுக் குழுவின் முன் கொதிப்பதைப் பற்றி வாய் திறக்க வேண்டுமானால், 'நிலைமைச் சமநிலை மற்றும் வேதிச் சமநிலை வெப்ப இயக்கவியல்' என்ற தாளில் தேறியிருக்க வேண்டுமாம். தேறியிருந்த நாலைந்து பேரிடம் நடையாய் நடந்து பார்த்தாள். நிபுணருக்கு எதிராகப் பேச எவரும் தயாராக இல்லை. சரி, நாமே படித்துத் தொலைப்போம் என்று வந்தால், தொலைவு போதவில்லை என்கிறார்கள்.

வெளியூரில் இருந்த அண்ணனின் முகவரியைக் கொடுத்தாள். ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போக வேண்டிய ஊர். எழுத்தர் முகம் மலர்ந்தது.

"இது எவ்வளவு அழகான தூரம்! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே?"

இப்படியாகப் படிப்பு தொடங்கியது. இரண்டு தெரு தள்ளி பாடங்களைக் கட்டுக் கட்டாகக் கட்டுவார்கள். கட்டு அண்ணன் ஊருக்குப் போகும். அண்ணன் அதை பஸ் நடத்துநர் கையில் கொடுத்தனுப்புவார். அவள் பேருந்து நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொண்டு, நிறுவனத்து வாசலைத் தாண்டி வீட்டுக்கு வருவாள். ஒருநாள் அஞ்சல் பிரிவு ஜன்னலில் தன்னுடைய கட்டு இருப்பதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டாள்.

"அது என்னுதுங்க. இப்படிக் குடுத்துட்டீங்கன்னா எங்க அண்ணனுக்கு அலைச்சல் மிச்சம்."

"ஐயையோ, கையில குடுத்தா நேரடிக் கல்வி ஆயிடும்மா," என்று அஞ்சல் பிரிவுக்காரர் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டார். "எங்க அங்கீகாரமே போயிடும்."

பாடங்களை எழுதியவர் நிறுவனத்தின் இயக்குநர். 'சமநிலை என்பது யாதெனின்' என்று தொடங்கி, அது எதுவெல்லாம் இல்லை என்று பக்கம் பக்கமாகச் சொல்லிவிட்டு, 'மேற்கூறியவற்றால் சமநிலை தெளிவாகும்' என்று முடித்திருந்தார். தையல் இயந்திரத்தின் மேல் விரித்து வைத்துக்கொண்டு, கால் மிதிக்க மிதிக்கப் படித்தாள் அவள். எத்தனையோ பேருடைய சட்டைகளில் காலர் கோணிக்கொண்டது.

ஏழாம் பாடம் கலக்காத திரவங்களைப் பற்றியது. அதன் கடைசி வரிக்கு வந்தபோது கால் தானாக நின்றது. 'நூறுக்குக் கீழே கொதிக்காது; கொதித்திருப்பின் அது ஊழியரின் கவனக்குறைவே.' அரைப்புள்ளிகூட அதே இடத்தில் இருந்தது. விசாரணைக் குழுவின் நிபுணரும் இயக்குநரும் ஒரே ஆள்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த மனிதர் தொட்டியைப் பார்க்கவில்லை, வால்வைப் பார்க்கவில்லை, வெந்த கையையும் பார்க்கவில்லை. தன் பாடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

நிறுவனத்தில் ஐயம் தீர்க்கும் பிரிவு என்று ஒன்று உண்டு. 'கலக்காத இரண்டு திரவங்களைச் சேர்த்துச் சூடேற்றினால் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?' என்று கேட்டு எழுதினாள். அண்ணன் ஊர் வழியாகப் பதில் வந்தது: 'பாடம் ஏழு காண்க.' பாடம் ஏழில்தான் சந்தேகமே என்று மறுபடி எழுதினாள். 'பாடம் ஏழுக்குரிய ஐய ஒதுக்கீட்டைத் தாங்கள் பயன்படுத்திவிட்டீர்கள். ஐயத்தைப் பாடம் எட்டுக்கு மாற்றிக்கொள்ளவும்,' என்று வந்தது பதில்.

கடைசியில் பொது நூலகத்தில், நாற்காலி ஆடாமலிருக்கக் காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த ஒரு தடித்த புத்தகத்தில் விஷயம் கிடைத்தது. நூலகர் வேறொரு புத்தகத்தை நாற்காலிக்குக் கொடுத்துவிட்டு இதை அவளுக்குக் கொடுத்தார். படித்தாள், புரியவில்லை. திரும்பத் திரும்பப் படித்தாள், தலைவலிதான் மிச்சம். ஒருநாள் மாமியாரும் நாத்தனாரும் வீட்டில் இருக்கும்போது சட்டென்று புரிந்தது.

அந்தத் தாயும் மகளும் பல வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. ஒருத்தி முணுமுணுப்பதை மற்றவள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. அதனால் ஒருத்தி முணுமுணுப்பு மற்றவளால் குறைவதும் இல்லை. அவரவர் பங்கை அவரவர் முழுசாக முணுமுணுப்பார்கள், இரண்டும் கூடித்தான் வீட்டை அமுக்கும். மாமியார் மட்டும் இருந்தால் சாயங்காலம் வரை தாங்குகிற வீடு, நாத்தனாரும் வந்திருந்தால் மத்தியானத்துக்குள் வெடித்துவிடும். புத்தகம் சொன்னதும் இதைத்தான். கலக்காத திரவங்கள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் தத்தம் ஆவியை எழுப்பும். இரண்டின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தை எட்டிய நொடியில் கொதிக்கும். தனித்தனியாகக் கொதிக்கிற சூட்டுக்கு வெகுமுன்னாலேயே அது நடந்துவிடும். தண்ணீரும் டொலுயீனும் சேர்ந்தால் ஏறக்குறைய எண்பத்தைந்தில்.

புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கணவனிடம் ஓடினாள். "என்னங்க, இதைப் பாருங்க. எண்பத்தஞ்சுலயே கொதிக்கும்னு போட்டிருக்கு! நீங்க ஒண்ணும் திருகல!"

அவர் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். "இதுல முத்திரை இல்லையே," என்றார். "நாற்காலிக்கு முட்டுக் குடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டறே. அவங்க முத்திரை போட்டு எழுதியிருக்காங்க. நீ என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றே."

அவருக்கு முத்திரை வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் அவள் பரீட்சைக்குப் போனாள். முகவரிப்படி தேர்வு மையம் அண்ணன் ஊரில். கேள்வித்தாளில் அதே கேள்வி இருந்தது. அவள் எண்பத்தைந்து என்று எழுதி, ஏன் என்பதையும் படம் போட்டு விளக்கினாள். மாமியாரை மட்டும் சேர்க்கவில்லை. தேறவில்லை. மறுமதிப்பீடு கேட்டு எழுதியதற்கு, 'தங்கள் விடை சரியாக இருக்கலாம். ஆனால் அது பாடத்தில் இல்லை,' என்று பதில் வந்தது. மறுமுறை எழுதுவதற்கு முன் நேர்முகத் தொடர்பு வகுப்பில் கலந்துகொள்வது கட்டாயம் என்றும் கீழே ஒரு குறிப்பு.

தொடர்பு வகுப்பு இரண்டு தெரு தள்ளி. வெளியூரிலிருந்து வந்ததற்கான பஸ் டிக்கெட்டைக் காட்டினால்தான் உள்ளே விடுவார்களாம். முதல்நாள் அண்ணன் ஊருக்குப் போனாள், அங்கிருந்து அன்றிரவே பஸ் பிடித்துத் திரும்பினாள். பஸ் அவள் வீட்டைத் தாண்டித்தான் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கணவன் கொடியில் துணி காயப்போடுவதைத் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டு போனாள். வாசலில் அதே சேர்க்கைப் பிரிவு எழுத்தர் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"களைப்பாத் தெரியலையே?"

"உள்ள போனதும் ஆயிடுவேங்க," என்றாள் அவள். அதற்கு ரொம்ப நேரம் பிடிக்கவில்லை.

கூடத்தில் முடிவெட்டுகிறவர், வங்கிக் காவலாளி, இரண்டு பள்ளி ஆசிரியைகள், ஒரு லாரி ஓட்டுநர் என்று பலதரப்பட்டவர்கள் கசங்கிய உடையோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு செய்முறைப் பதிவேடு. சோதனையின் பெயர், படம், அளவீடு, முடிவு எல்லாம் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மேடையில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் ஆய்வகக் கருவிகள் மினுங்கின. பூட்டில் ஒட்டடை.

இயக்குநர் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் உட்காரச் சொல்ல மறந்துவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"தொலைநிலைக் கல்வின்னா என்ன? ஆசிரியரும் மாணவரும் ஒருத்தரையொருத்தர் பார்க்காம இருக்கறது. பார்த்தா என்ன ஆகும்? நீங்க கேள்வி கேப்பீங்க. எனக்குப் பதில் தெரியாம இருக்கலாம். மரியாதை போயிடும். அதனாலதான் தூரம்! இந்தத் தூரத்தைக் கட்டிக் காப்பாத்தத்தான் நான் இவ்வளவு காலம் பாடுபட்டிருக்கேன். நான் பாடம் எழுதி இத்தனை வருஷமாச்சு, ஒரு எழுத்து மாறல. ஏன் மாறல? ஒருத்தரும் திருப்பிப் படிக்கல, நான் உட்பட. சமநிலைக்கு இதைவிட நல்ல உதாரணம் உலகத்துல கிடையாது. இந்தப் பக்கம் எவ்வளவு பேர் சேர்றாங்களோ, அந்தப் பக்கம் அவ்வளவு பேர் ஃபெயில் ஆகறாங்க. மொத்தத்துல ஒண்ணும் நடக்கல. அதுதான் வேதிச் சமநிலை!"

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டினால் உட்காரச் சொல்வார் என்று ஒரு நம்பிக்கை. தையல்காரி தட்டவில்லை, கையைத் தூக்கினாள்.

"ஐயா, ஏழாம் பாடத்துச் சோதனையை ஒருதரம் செஞ்சு காட்டறீங்களா? தண்ணியும் டொலுயீனும் எப்பக் கொதிக்குதுன்னு பார்க்கணும்."

"பதிவேட்டுல நூறுன்னு அச்சடிச்சிருக்கே?"

"அச்சுல கொதிக்கறதைப் பார்த்தாச்சுங்க. அடுப்புல கொதிக்கறதையும் ஒருதடவை பார்த்துட்டா நல்லாருக்கும்."

பின்வரிசையில் லாரி ஓட்டுநர் கனைத்தார். இயக்குநருக்கு அது பிடிக்கவில்லை. "சரி, இந்த அம்மாவோட அறியாமையை இன்னைக்கே போக்கிடுவோம்," என்று அலமாரியைத் திறக்கச் சொன்னார். சாவி இல்லை, ஆய்வக உதவியாளர் கீல்களைக் கழற்றிக் கதவைத் தனியாக எடுத்து வைத்தார். கண்ணாடிக் குடுவையில் வைத்திருந்த பிளாஸ்டிக் பூக்களைப் பிடுங்கிவிட்டுக் கழுவினார். மின்னடுப்பு ஏற்றினார்கள். அடியில் தண்ணீர், மேலே டொலுயீன், நடுவில் வெப்பமானி. அடுப்பின் சூட்டுக் குமிழை இயக்குநரே பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் கவனிங்க. நூறு வரைக்கும் இது அசையாது. நான் சொல்லாம கொதிக்காது."

சூடு ஏறியது. எழுபது. எண்பது. இரண்டு திரவங்களும் சந்திக்கும் கோட்டில் ஒரு சின்னச் சலனம். தையல்காரி ஓரடி முன்னால் வந்தாள்.

"ஐயா, தள்ளி நில்லுங்க," என்றாள்.

"தொலைநிலை மாணவர்கள்தான் தள்ளி நிக்கணும்," என்று சொல்லிக்கொண்டே இயக்குநர் வெப்பமானியைப் படிக்கக் குனிந்தார். "எண்பத்தஞ்சு. பாருங்க, எவ்வளவு அமைதியா…"

குடுவை குபீரென்று பொங்கி அவர் வலது கைமேல் கொட்டியது. அவர் போட்ட சத்தம் அஞ்சல் பிரிவு வரை கேட்டிருக்கும். துள்ளிக் குதித்தார், கையை உதறினார், வலியில் கண்ணீர் வழிய முதலில் அவர் கத்தியது இதுதான்:

"யாருடா திருகினது?"

"நீங்கதானுங்க ஐயா பிடிச்சிட்டிருந்தீங்க," என்றார் ஆய்வக உதவியாளர்.

 குளிர்ந்த தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு மூச்சு வாங்கிய இயக்குநர், அப்படியே மாணவர்கள் பக்கம் திரும்பினார். "இப்ப என்ன பார்த்தீங்க?"

எல்லோரும் பதிவேட்டைப் பார்த்தார்கள்.

"நூறு," என்றார் அவர். "தேதி போடுங்க."

எல்லோரும் குனிந்து தேதி போட்டார்கள். முடிவெட்டுகிறவரும் போட்டார், ஆசிரியைகளும் போட்டார்கள், வங்கிக் காவலாளி தேதி மறந்துபோய்ப் பக்கத்தில் கேட்டுப் போட்டார். வெப்பமானி இன்னும் எண்பதுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. தையல்காரி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். டொலுயீன் வாடை என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் சேர்க்கைப் பிரிவு எழுத்தர் சட்டை தைக்க அளவு கொடுக்க அவளிடமே வந்தார். அந்த வட்டாரத்தில் வேறு தையல்காரி இல்லை. நிறுவனத்துக்கு வெளியே அவரும் மனுஷர்தான், வாய் ஓயவில்லை. சம்பவத்துக்குப் பொறுப்பாக்கி மின்னடுப்பைப் பணியிடை நீக்கம் செய்து அலமாரியில் வைத்துவிட்டார்களாம். கதவின் கீல்களைச் சரிசெய்ய இன்னும் ஆள் வரவில்லையாம். இயக்குநருக்கு விபத்து விடுப்பு கிடைத்துவிட்டதாம்.

"தன் கவனக்குறைவால நடந்ததுக்கு அந்த விடுப்பு கிடைக்காதேங்க?" என்றாள் அவள், மார்பளவை எடுத்துக்கொண்டே.

"கவனக்குறைவா? சேச்சே! அவரே எழுதிக் குடுத்திருக்காரு. 'மேற்படி திரவங்கள் எண்பத்தைந்தில் கொதிப்பது இயற்கை, யாருடைய தவறும் அன்று'ன்னு. படிப்பாளின்னா படிப்பாளிதாம்மா."

அளவு நாடா அவள் கையில் இறுகியது. எழுத்தர், "மூச்சு முட்டுதும்மா," என்ற பிறகுதான் விட்டாள்.

ஆனால் மறுதேர்வின் மாதிரி விடையில் ஒரு மாற்றமும் இல்லை. அதே கேள்வி, அதே நூறு. கட்டுப் போட்ட கையோடு இயக்குநரே தேர்வு மையத்தைப் பார்வையிட வந்து வரிசைகளுக்கு நடுவே நடந்தார். இந்தத் தடவையும் உண்மையை எழுதினால் தேற மாட்டாள், தேறாவிட்டால் மேல்முறையீட்டில் வாய் திறக்க முடியாது. எதிரிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினாள்: 'நூறு. அதற்குக் கீழே கொதித்திருப்பின் அது ஊழியரின் கவனக்குறைவே.' கடைசி வரிக்குத் தனி மதிப்பெண் உண்டு. எழுதி முடித்ததும் வெளியே வந்து குழாயடியில் கையைக் கழுவினாள். மை எதுவும் ஒட்டியிருக்கவில்லை. மறுபடியும் கழுவினாள். வீட்டுக்குப் போய்க் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள், இந்த ஒரு வரியை மட்டும் சொல்லவில்லை.

முதல் வகுப்பில் தேறிவிட்டாள்.

மேல்முறையீட்டுக் குழுவின் அறையில் நீள மேசை, தண்ணீர்க் கூஜா, ஓடாத மின்விசிறி. தலைவர் பெரிய நாற்காலியில் இருந்தார். ஒரு பக்கம் இயக்குநர், கையில் கட்டோடு. எதிரே தையல்காரி, அவளுக்குப் பின்னால் அவள் கணவன், தழும்பேறிய கைகளை மடியில் வைத்துக்கொண்டு. அவள் எழுந்து, திரவங்கள் தத்தம் ஆவியை எழுப்புவதையும் இரண்டு அழுத்தமும் கூடுவதையும் தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

"நல்லாப் பேசறீங்கம்மா," என்றார் தலைவர். "ஆனா உங்க விடைத்தாளை நிறுவனம் அனுப்பியிருக்கு. நூறுன்னுதான் எழுதியிருக்கீங்க. ஊழியரோட கவனக்குறைவுன்னும் நீங்களே எழுதியிருக்கீங்க. முதல் வகுப்பு வேற."

பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை. கணவனுடைய முகம் எப்படிப் போயிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.  அப்போது எதிரே அந்த வெள்ளைக் கட்டு கண்ணில் பட்டது.

"ஐயாவை ஒண்ணே ஒண்ணு கேக்கணுங்க," என்றாள். "ஐயா கை எப்படி வெந்துச்சு?"

இயக்குநர் கையை மேசைக்கு அடியில் இறக்கினார். "அது வேற."

"விபத்து விடுப்புக்கு எழுதிக் குடுத்தீங்களே, எண்பத்தஞ்சுல கொதிக்கறது இயற்கைன்னு. அப்படித்தானேங்க?"

"அந்த விடுப்பை அனுமதிச்சதே நான்தானே!" என்று உற்சாகமானார் தலைவர். அவர் நிறுவனத்தின் ஆட்சிக் குழுவிலும் இருந்தார். சொன்ன பிறகுதான் எங்கே காலை வைத்துவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. கூஜாவிலிருந்து தண்ணீர் ஊற்றிக் குடித்தார். இயக்குநரைப் பார்த்தார், இயக்குநர் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார்.

"இதுல முரண்பாடே இல்லம்மா. ரெண்டு பேர் சொல்றதும் சரி. நிறுவனத்துல நடந்தது ஆராய்ச்சி. ஆராய்ச்சியில திரவத்துக்குச் சுதந்திரம் உண்டு, அது எண்பத்தஞ்சுல கொதிக்கலாம். தொழிற்சாலையில நடந்தது வேலை. வேலையில ஒழுங்கு வேணும். அங்க நூறுக்குக் கீழ கொதிக்க அனுமதியில்ல. அனுமதியில்லாம கொதிச்சா, பக்கத்துல நின்னவர்தானே பொறுப்பு? மேல்முறையீடு தள்ளுபடி."

"இதைச் சொல்றதுக்கு உங்களுக்குக் கூச்சமா இல்லையா?" என்று கேட்டாள் அவள். தலைவர் அதைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம் என்றார்.

கணவன் அவளுக்கு நாலடி முன்னால் வீட்டுக்கு நடந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றும்போது, "நீயும் அப்படித்தான் எழுதியிருக்கே," என்றார். அவள் காரணம் சொன்னாள், அழுதாள், தேறுவதற்காகத்தான் என்றாள். அவர் தலையை ஆட்டினார். அவர் கை காற்றில் திருகத் தொடங்கியிருந்தது.

ஒரு மாதம் கழித்து, அண்ணன் ஊர் வழியாக, பஸ் நடத்துநர் கையில் அவளுக்கு நிறுவனத்திடமிருந்து கடைசிக் கட்டு வந்தது. உள்ளே ஒரேயொரு துண்டுத் தாள். முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடியே அவள் சத்தமாகப் படித்தாள்.

"'பாடம் ஏழு, திருத்தம். நூறு என்று வரும் இடத்தில், சூடேற்றுபவர் துணை இயக்குநர் அல்லது அதற்கு மேற்பட்ட பதவியில் இருப்பின், எண்பத்தைந்து என்று வாசிக்கவும். ஏனையோருக்கு மாற்றமில்லை. மாணவர்கள் இதனைத் தத்தம் பாடநூலில் சொந்தப் பசை கொண்டு ஒட்டிக்கொள்ளவும்.'"

படித்து முடித்தவளுக்கு வாயில் கசந்தது. "தூ!" என்றாள். இவர்களுக்குத் திரவம்கூட எழுந்து நின்று வணக்கம் போட வேண்டும்போல. இருந்தாலும் படித்த பழக்கம் விடவில்லை, பாடநூலையும் பசைப் புட்டியையும் எடுத்தாள்.

"இங்க குடு," என்று கணவன் கையை நீட்டினார்.

துண்டுத் தாளை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தார். பதவியைப் பற்றிய வரியில் அவர் கண் நிற்கவே இல்லை. எண்பத்தைந்து என்ற இடத்தில் ஒருதடவையும் முத்திரையின் மேல் ஒருதடவையும் விரலை வைத்துத் தடவினார்.

"முத்திரை நிஜந்தானே?"

"நிஜந்தாங்க."

"அன்னைக்கு அந்த ஆளோட கையைப் பார்த்தேன். கட்டுக்கு வெளிய மணிக்கட்டுல தெரிஞ்சுச்சு. எனக்கு வெந்த மாதிரியேதான் வெந்திருக்கு." தன் கையைத் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் திருகல."

"திருகலங்க. நீங்க அந்த வால்வைத் தொடவே இல்ல."

அவர் எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார். அவள் பசைப் புட்டியின் மூடியைத் திறப்பதைப் பார்த்ததும் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"அதை ஒட்டிடாதே, எடுத்துட்டு வா. என் கூட்டாளி வீட்டுக்குப் போயிட்டு வரேன். மிச்சம் இருக்கற கண்ணால அவனும் படிக்கட்டும்."